ஜெல் முழுசாக ஊறும் முன் குழாயில் ஊற்றாதீர்கள்

புரதங்களைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாயில் (column) நிரப்புவது செஃபடெக்ஸ் என்னும் டெக்ஸ்ட்ரான் ஜெல் மணிகள். அந்தத் தூளைத் தண்ணீரில் போட்டு, கொஞ்ச நேரத்தில் மணிகள் பருத்துத் தெரிந்ததும் "சரி, ஊறிவிட்டது" என்று குழாயில் ஊற்றுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. கண்ணுக்குப் பருத்துத் தெரிவதும் முழுசாக ஊறியிருப்பதும் ஒன்றல்ல. ஜி-25 ரகத்துக்கு அறை வெப்பநிலையில் 3 மணி நேரம் போதும், ஆனால் ஜி-200 ரகத்துக்கு 3 நாள் வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் கொதிநீர்த் தொட்டியில் 5 மணி நேரம் வையுங்கள், உள்ளே சிக்கிய காற்றும் போய்விடும். அவசரப்பட்டு ஊற்றினால் மீதி ஊறல் குழாய்க்குள் நடக்கும், விரிய இடமில்லாத மணிகள் ஒன்றையொன்று நசுக்கும், ஓட்டம் சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றுவிடும்.

எவ்வளவு தூள் எடுப்பது என்பதிலும் கோட்டை விடுவார்கள். ஒரு கிராம் ஜி-25 ஊறினால் 4 முதல் 6 மில்லி ஜெல்தான் வரும். அதே ஒரு கிராம் ஜி-200 என்றால் 30 முதல் 40 மில்லி. சப்ஜா விதை மாதிரிதான், கை நிறைய அள்ளிப் போட்டால் பீக்கர் வழியும். பெயரிலுள்ள எண்ணே இதைச் சொல்லிவிடுகிறது: அதைப் பத்தால் வகுத்தால், ஒரு கிராம் உலர்ந்த ஜெல் உள்ளே இழுக்கும் நீர் எத்தனை மில்லி என்று கிடைக்கும்.

இதைவிடப் பெரிய வம்பு மின்சுமை உள்ள ஜெல்களில். டிஇஏஇ-செஃபடெக்ஸ் ஏ-50 மணிக்குள் டிஇஏஇ என்ற நேர்மின் தொகுதிகள் வலையோடு பிணைந்திருக்கின்றன, எங்கும் போக முடியாது. அவற்றைச் சமன் செய்யும் எதிர்மின் அயனிகளும் அவற்றை விட்டுப் போக முடியாது. அதனால் மணிக்கு உள்ளே அயனிகள் எப்போதும் வெளியைவிட அதிகம், தண்ணீர் உள்ளே பாய்கிறது, வலை இழுபட்டு 'போதும்' என்று எதிர்க்கும் வரை மணி வீங்குகிறது. வெளியே உப்பைக் கூட்டினால் அந்த வித்தியாசம் குறையும், மணி சுருங்கும். சவ்வே இல்லாமல் நடக்கும் சவ்வூடு பரவல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்த ரகத்தைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்காதீர்கள், அதில் அளவுக்கு மீறி வீங்கி மணிகள் உடையும். குழாயில் முதலில் ஓடவிடும் தொடக்க பஃபரிலேயே (pH மாறாமல் வைக்கும் கரைசல்) ஊறவையுங்கள்.

மாணவனாக இருந்தபோது இதே ஏ-50-ஐ அழகாக நிரப்பி, உப்பு கிரேடியன்ட்டை (உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும் கரைசலை) ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஜெல் மட்டம் பல சென்டிமீட்டர் இறங்கியிருந்தது, மேலே வெறும் திரவம் நின்றது, கிரேடியன்ட் அதில் கலந்து குழம்பி, இரண்டு புரதங்களும் ஒரே மேடாக வெளியே வந்தன. அத்தோடு விட்டேனா? அதே குழாயிலேயே குறைந்த உப்பு பஃபரை விட்டுக் கழுவினேன். சுருங்கியது மறுபடி வீங்க, அன்று மாலைக்குள் குழாய் அடைத்துக்கொண்டது. ஏ-50-ஐ வெளியே எடுத்து, புனலில் கழுவி, சமப்படுத்தி மறுபடி நிரப்புவதுதான் முறை. அதற்குச் சோம்பலாக இருந்தால் டிஇஏஇ-செஃபரோஸ் வாங்கிவிடலாம். அதன் குறுக்குப் பிணைப்புள்ள அகரோஸ் வலை உப்பு ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாக அசையாது.

அப்புறம் காந்தக் கலக்கி. ஊறிய மணிகளை அது அரைத்துத் தூளாக்கும், அந்தத் தூள் அடி வலையில் போய் உட்காரும். கண்ணாடிக் குச்சியால் மெதுவாகக் கிளறினால் போதும்.

மின்சுமை உள்ள இன்னொரு ரகமான பாலிஸ்டைரீன் அயனிப் பரிமாற்றப் பிசின் தெரியாமல் காய்ந்துபோனால் நேரே தண்ணீர் ஊற்றாதீர்கள், திடீரென வீங்கி மணிகள் விரிசல் விடும். அடர்த்தியான உப்புக் கரைசலில் முதலில் ஊறவைத்து, பிறகு படிப்படியாக நீர்க்கச் செய்யுங்கள். அதையும் பீக்கரில் செய்யுங்கள். காய்ந்த பிசினைக் கண்ணாடிக் குழாய்க்குள் இறுக்கமாக நிரப்பி நனைத்தால் குழாயே பிளந்துவிடலாம்.