தேக்கா கடைவீட்டிலிருந்து தொடங்குங்கள்

கலை, வடிவமைப்பு, கட்டடக்கலை பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் 'எங்கே தொடங்குவது?' என்றுதான் தயங்குகிறார்கள். நான் சொல்வது இதுதான்: புத்தகத்தில் தொடங்காதீர்கள், ஒரு கட்டடத்தில் தொடங்குங்கள்.

சிங்கப்பூரின் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், தினமும் கடந்துபோகும் கடைவீடு (கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்ட பழைய கட்டடம்) ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால் பழைய முகப்புகள் இன்றும் நிற்கின்றன. சன்னல், தூண், பூவேலை, ஓடு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தைத் திறந்தால், கடைவீடுகளை ஆறு பாணிகளாகப் பிரித்து விளக்கியிருக்கிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த கடைவீடு எந்தப் பாணி என்று கண்டுபிடிக்கும் அந்த நிமிடம் அவ்வளவு இனிமையானது! அதன்பின் தெருவே வேறு மாதிரித் தெரியும்.

மேக்ஸ்வெல் சாலையில் உள்ள சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடத்தில் நகர மையத்தின் பெரிய மாதிரியைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். கோபுரத்தை நிதானமாகப் பாருங்கள்.

ஆழமாகப் படிக்க, விக்டோரியா ஸ்திரீட்டின் தேசிய நூலகக் கட்டடத்தில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கிறது. அங்குள்ள நூல்களை இரவல் தரமாட்டார்கள், குறிப்பேடு கொண்டுபோங்கள். தேடுவது கிடைக்காவிட்டால் நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள். பழைய படங்களுக்கு மரபுடைமைக் கழகத்தின் 'ரூட்ஸ்' தளம் போதும்.