ரேடியோவில் பிழையின்றிப் பேசுவது எப்படி: பயிற்சி விமானிகளுக்கு

A, B, C என்ற ஆங்கில எழுத்துகளை ரேடியோவில் தெளிவாகச் சொல்ல உதவும், ஆல்ஃபா, பிராவோ, சார்லி எனத் தொடங்கும் 26 சொற்களையும் பயிற்சி விமானிகள் ஓரிரு நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் எண்களிலும், கேட்டதைத் திருப்பிச் சொல்வதிலும்தான். 1956 மார்ச் 1 முதல் சர்வதேச அளவில் நடைமுறையில் உள்ள அந்தச் சொற்களை எழுத்துகளைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். இந்திய விமானங்களின் பதிவுக் குறி 'விக்டர் டாங்கோ' (VT) என்று தொடங்கும்.

மைக் பொத்தானை அழுத்தும் முன், அலைவரிசையில் வேறு யாரும் பேசவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும் என்ற வரிசையில், நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மிகாத வேகத்தில் பேசுங்கள்.

எண்களைப் பொதுவாக ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். 07 ஓடுபாதை 'ஜீரோ செவன்', 118.1 அலைவரிசை 'ஒன் ஒன் எய்ட் டெசிமல் ஒன்'. இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றுபோல் ஒலிப்பதால் அவற்றை 'ஃபைஃப்', 'நைனர்' என்கிறோம். உயரத்தைச் சொல்லும்போது மட்டும் 2,400 அடியை 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று சொல்லுங்கள். 1989இல் கோலாலம்பூர் அருகே ஒரு சரக்கு விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்கும்படி 'டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று கட்டளை வந்தது. விமானிகள் அதிலிருந்த 'டூ'வை இரண்டு (two) என்ற எண்ணாகக் கொள்ளாமல், 'அந்த உயரத்துக்கு' என்று பொருள்படும் 'to' ஆக எடுத்துக்கொண்டு 'ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று திருப்பிச் சொன்னார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அதைத் திருத்தவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தனர்.

ஆகவே ஓடுபாதை தொடர்பான அனுமதிகள், உயரம், திசை, அலைவரிசை, டிரான்ஸ்பாண்டர் குறியீடு (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் எண்), உயரமானியில் பொருத்த வேண்டிய காற்றழுத்த அளவு ஆகியவற்றுக்கு 'ராஜர்' (செய்தி கிடைத்தது) ஒருபோதும் பதிலாகாது. 'ஹோல்டிங் ஷார்ட் ரன்வே ஜீரோ செவன்' (07 ஓடுபாதைக்குள் நுழையாமல் அதற்கு முன் நிற்கிறேன்) என்பதுபோல் முழுமையாகத் திருப்பிச் சொல்லி, உங்கள் அழைப்புக் குறியுடன் முடியுங்கள். கட்டுப்பாட்டாளரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது, என் கருத்தில், புதியவர்களின் மிக ஆபத்தான பழக்கம். ஒரு எண்ணில் சிறு ஐயம் இருந்தாலும் 'சே அகைன்' (மீண்டும் சொல்லுங்கள்) என்று கேளுங்கள். நெரிசலான நேரத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

'டேக்-ஆஃப்' என்ற சொல்லில் தனிக் கவனம் தேவை. 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இரு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த விபத்துக்கு முன், ஒரு விமானி 'நவ் அட் டேக்-ஆஃப்' என்றதை, அவர் ஓடுபாதையில் காத்திருப்பதாகக் கட்டுப்பாட்டாளர் புரிந்துகொண்டார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே இன்று அச்சொல் ஒலிக்க வேண்டும். மற்ற எல்லா இடங்களிலும் 'டிபார்ச்சர்' என்று சொல்லுங்கள்.