மூன்று தலைமுறையின் பிபி எண்களை வயதோடு சேர்த்துப் படிப்பது எப்படி?

வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே சரியான பிபி என்ற பழைய கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். அறுபது வயதில் மேல் எண் (160/90 என்றால் முதலில் வரும் 160 மேல் எண், 90 கீழ் எண்) 160 என்றால் அது வயதுக்கேற்ற அளவல்ல, உயர் ரத்த அழுத்தம்தான். வயதாக ஆக எண் ஏறுவது பரவலாக நடக்கிறது, அதற்காக அது இயல்பாகிவிடாது. உப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பல நாடுகளில் பார்த்து 1988இல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வில், உப்பே அநேகமாகச் சேர்க்காத அமேசான் காட்டு யனோமாமி மக்களுக்கு வயதோடு அழுத்தம் ஏறவில்லை.

குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே கருவியில் அளக்கலாம், ஒரே கைப்பட்டையில் அளக்கக் கூடாது. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை, மேல்கைச் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் பொய்யாக ஏறும். மெலிந்த முதியவர் கைக்குப் பெரிய பட்டை கட்டினால் குறைத்துக் காட்டும். மணிக்கட்டுக் கருவியைவிட மேல்கைக் கருவியே நம்பகம்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபியும் புகையும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும், தொங்கவிட்டால் எண் கூடும். பேச்சு கொடுத்தாலும் கூடும் (அளப்பவர்தான் பெரும்பாலும் பேச்சைத் தொடங்குவார்). ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள் எடுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். கிளினிக்கில் 140/90 என்ற அளவுக்கு வீட்டில் இதுதான் இணை. 2017 அமெரிக்க வழிகாட்டுதல் இன்னும் கறாராக 130/80 என்கிறது.

முப்பது, நாற்பதுகளில் கீழ் எண் மட்டும் 90ஐத் தாண்டி நிற்பது உண்டு. சிறு ரத்தக்குழாய்கள் இறுகியிருப்பதன் அடையாளம் அது. மேல் எண் சரியாக இருப்பதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. ஐம்பதைத் தாண்டியதும் நிலை தலைகீழாகும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி விறைப்பதால் மேல் எண் ஏற, கீழ் எண் இறங்கத் தொடங்கும். எழுபது வயதில் 165/70 வந்தால் "கீழ் எண் நல்லா இருக்கே" என்று ஆறுதல்படக் கூடாது. இடைவெளி அகன்றிருப்பதே குழாய் விறைத்ததற்கு அறிகுறி. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஒத்த வயது ஆண்களைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருக்கும், அதன்பின் வேகமாக ஏறிப் பிடித்துவிடும்.

முதியவர்களை நிற்கவைத்தும் அளக்க வேண்டும். எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் விழும் அபாயம் உண்டு. மருந்தின் அளவை டாக்டர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

13 வயதுக்குக் கீழ் இந்த எண்கள் எதுவும் செல்லாது. வயது, பால், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்ப்பார்கள். சிறு பிள்ளைக்கு அழுத்தம் மிக அதிகமென்றால் கிட்னிக் கோளாறு, பெருந்தமனிச் சுருக்கம் போன்ற காரணங்களை முதலில் தேடுவார்கள்.

தலைமுறைகளை ஒப்பிடும்போதுதான் கணக்கு அதிகம் தப்புகிறது. 35 வயது மகனை 65 வயது அப்பாவின் இன்றைய எண்ணோடு வைத்துப் பார்த்துப் பயனில்லை. அப்பாவுக்கு 35இல் என்ன இருந்தது என்பதே கேள்வி. பழைய மருந்துச்சீட்டு, பரிசோதனை அறிக்கை, அம்மாவின் பிரசவக் கோப்பு ஆகியவற்றில் தேடிப் பாருங்கள். ஆண்டு, அப்போதைய வயது, எண், மாத்திரை எடுத்தாரா என்ற நான்கையும் குறியுங்கள். மாத்திரைக்குப் பிறகான 128ஐயும் மாத்திரையில்லாத 128ஐயும் ஒன்றாக எண்ணக் கூடாது. பல வயதினரையும் ஒரே ஆண்டில் அளந்து எடுத்த கணக்கெடுப்புகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அதிலுள்ள எழுபது வயதுக்காரர்கள் வேறொரு காலத்தில் வளர்ந்தவர்கள், கடும் அழுத்தம் இருந்த அவர்கள் வயதினரில் சிலர் கணக்கெடுக்கும் முன்பே இறந்திருப்பார்கள்.

எந்த வயதானாலும் 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.