பிரிட்டிஷ் சைக்கடெலிக் ஃபோக் (நாட்டுப்புறப் பாட்டோடு கனவு போன்ற மயக்கம் கலந்த இசை) சத்தத்தை வீட்டிலேயே கொண்டுவருவது எப்படி?

முதலில் கிட்டாரை டி-ஏ-டி-ஜி-ஏ-டி (ஆறாவது தந்தியிலிருந்து முதல் தந்தி வரை) ட்யூனிங்குக்கு மாற்றுங்கள்; வழக்கமான ட்யூனிங்கில் ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகளை ஒரு முழு சுரம் இறக்கினால் போதும். 1960களில் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பிரபலமாக்கியது இது, சும்மா மீட்டினால் மேஜரா மைனரா என்றே பிடிபடாது, அந்த மயக்கம்தான் நமக்கு வேண்டும்.

அப்புறம் குரல்கள். இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஃபோக் பாடகர்களான வாட்டர்சன்ஸ் குழு வாத்தியமே இல்லாமல் பாடியதைக் கேட்டுவிட்டு வாருங்கள். ஒருவர் மெட்டைப் பாட, இன்னொருவர் சட்ஜத்திலேயே நிற்கட்டும், மூன்றாமவர் பஞ்சமத்தைச் சுற்றி வரட்டும். ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடுங்கள், ஆட்டோட்யூன் (சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருள்) வேண்டவே வேண்டாம். அடியில் சுருதிப்பெட்டி ஓடட்டும் (அங்கேயும் பல ஃபோக் பாடகர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்!).

எக்கோவை ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் ஏற்றுங்கள், பாட்டு முழுக்கப் போட்டால் வார்த்தை ஒன்றும் புரியாது.