உம்டோனிக் கன்று வைக்கும் முன் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் போன மாதம் உம்டோனி மரக் கன்றோடு வந்தார். முழங்கால் உயரம், நுனியில் செம்பு நிறத்தில் கொழுந்து. "மதில் ஓரமா வைக்கலாம்னு இருக்கேன் அண்ணே" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

இடம்

உம்டோனியின் ஆங்கிலப் பெயர் வாட்டர்பெர்ரி. பெயரே சொல்கிறதே, இது ஓடைக்கரை மரம். ஈரம் கண்ட பக்கம் வேர் ஓடும், எட்டு முதல் பதினைந்து மீட்டர் வரை வளரும். நான் வைத்தது சமையலறைக் கழிவுக் குழாயிலிருந்து இரண்டே எட்டில். ஏழு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. எட்டாம் வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள், முறுக்குச் சட்டி கழுவிய தண்ணீர் தொட்டியிலேயே திரும்பி ஏறியது. பிளம்பர் தோண்டி, பழைய மண்குழாயின் இணைப்புக்குள்ளிருந்து வேரை இழுத்தார். வந்துகொண்டே இருந்தது, பின்னல் சடை மாதிரி, என் கை நீளத்துக்கு.

கன்றின் விலை இரண்டு பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் சாப்பாடு இரண்டின் விலை. குழாய் மாற்ற, மரம் வெட்ட, மதில் விரிசல் பூச என்று கொடுத்ததில் ஒரு சின்னக் கல்யாணத்துக்கே சாப்பாடு போட்டிருக்கலாம். இன்னும் எரிச்சல்தான்.

குழாய், சுவர், சிமென்ட் தரை மூன்றையும் விட்டுத் தள்ளி வையுங்கள். மழை பெய்து இரண்டு நாள் ஆகியும் செருப்பு ஒட்டும் தாழ்வான மூலை இருந்தால் அதுதான் இடம். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே வேண்டவே வேண்டாம். பழம் ஊதா, பறவை எச்சமும் ஊதா.

நாவல் என்று நினைப்பது

பழத்தில் ஒரே சாயல், ஒரே குடும்பமும்தான். ஆனால் உம்டோனி இந்த மண்ணின் மரம். நம் நாவல் இங்கே அயல் ஊடுருவல் செடிகள் பட்டியலில் இருக்கிறது. காம்பே இல்லாத மாதிரி இலையின் அடி கிளையைக் கட்டிக்கொண்டிருந்தால் உம்டோனி. நாவல் இலைக்கு நீளக் காம்பு.

விதை

காயவைத்தால் செத்தது. பழம் தின்ற கையோடு ஊன்றுங்கள்.

கொழுந்துக்காகக் கத்தரிப்பது

சிவப்பு அழகுதான், சரி. ஆனால் பூவும் கிளை நுனியில்தான் வரும். மாதாமாதம் வெட்டினால் பழம் கிடையாது.

உறைபனி

ஜோகன்னஸ்பர்க் சொந்தக்காரருக்குக் கன்று கொடுத்தனுப்பாதீர்கள்.