‘வெரி’யை அடித்துவிட்டு வினைச்சொல்லைத் தேடுங்கள்

ஆங்கிலக் கட்டுரை எழுதி முடித்ததும் ‘வெரி’, ‘குட்’, ‘பேட்’, ‘திங்’ வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் சுழித்து, அவற்றில் நாலைந்தை மட்டும் மாற்றுங்கள். அதற்குக் கனமான பெயரடை எதுவும் வேண்டாம், பொருத்தமான வினைச்சொல் போதும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ‘தி சைக்ளோன் வாஸ் வெரி பேட் ஃபார் கேஷ்யூ ட்ரீஸ்’ என்பதில் ஒன்றும் தெரியவில்லை. ‘தி சைக்ளோன் அப்ரூட்டட் கேஷ்யூ ட்ரீஸ்’ என்றால் பண்ருட்டிப் பக்கம் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தது கண்முன் வந்துவிடும். சொற்களும் குறைவு.

வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்கு மட்டும் கால் பங்கு மதிப்பெண் உண்டு. எல்லாரும் எழுதும் சொற்களைத் தாண்டுகிறீர்களா, தாண்டிய சொல் சரியான ஜோடியோடு வருகிறதா என்று இரண்டையும் பார்ப்பார்கள். ‘ஹெவி ரெயின்’ சரி, ‘ஸ்ட்ராங் ரெயின்’ காதில் இடிக்கும். ஜோடி தெரிந்த சொல்லை மட்டும் மாற்றினால் இந்த வம்பே இல்லை.

அகராதியில் இப்போதுதான் பார்த்த சொல்லுக்கு இது உதவாது. பழைய ‘பேட்’டே மேல். புதுச்சேரியில் பிரெஞ்சும் படிக்கும் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கவனிக்கணும்: பிரெஞ்சில் ‘அசிஸ்தே’ கூட்டத்துக்குப் போவதையும் குறிக்கும், ஆங்கில ‘அசிஸ்ட்’ உதவுவது மட்டும்தான். அப்புறம், விடுப்புக் கடிதத்துக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.