தண்ணீர்த் தட்டுப்பாட்டில் மாடித்தோட்டம்: காயாமல் காப்பது எப்படி?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, சென்னையில் குடிக்கவே லாரியை எதிர்பார்த்த நேரம். அப்போது பழகிய முறையைத்தான் இன்றும் பங்குனி பிறந்ததும் தொடங்கிவிடுகிறேன்.

முதலில் செடிப் பைகளை நெருக்கி, செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். மேலே 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். மண்மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்ட வேண்டாம், அழுகும்.

அடுத்து தண்ணீர். இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. பையில் நாம் நிரப்பும் மண் கலவையில் பெரும்பங்கு தென்னை நார்க்கழிவு. அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது. ஊற்றியதெல்லாம் பைக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடுக்கில் இறங்கி, அடித் துளை வழியே ஓடிவிடும். கீழே வழிவதைப் பார்த்து ‘போதும்’ என்று நகர்ந்துவிடுவோம். விரலை விட்டுப் பாருங்கள், உள்ளே தூளாக இருக்கும். செடி வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினால் அதுவும் தளத்துக்குத்தான்.

அப்படிப்பட்ட பையை அகலமான டப்பில் நான்கு விரல் உயரத் தண்ணீரில் உட்கார வையுங்கள். அடியிலிருந்து மெல்ல உறிஞ்சி, மேல்மண் கறுத்ததும் எடுத்துவிடலாம். டப்பில் மிஞ்சியது அடுத்த பைக்கு. தூக்க முடியாத பையா? குச்சியால் நாலைந்து துளை போட்டு, ஒரு குவளை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு குவளை. அப்புறம் தினமும் விடியற்காலையில் கொஞ்சம் ஊற்றினாலே ஈரம் நிற்கும்.

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, வாளி வைத்துப் பிடியுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீர் மட்டும் வேண்டாம். சோப்புத்தூளின் சோடியம் மண்ணைக் கெடுக்கும்.

டைமர் வைத்த சொட்டுநீர்க் கருவியெல்லாம் குழாயில் தண்ணீர் வரும் வீட்டுக்கு. என் ஓட்டு மெருகு பூசாத சின்ன மண்பானைக்கே. பெரிய பையில் கழுத்துவரை புதைத்து நிரப்பினால், மண் காயக் காயத் தானே கசியும். கத்தரிக்கும் தக்காளிக்கும் அருமை.

பின்சேர்க்கை: ஆர்ஓ கழிவுநீரை ஊற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நம் போர் தண்ணீரே உப்பு, அதன் கழிவில் உப்பு இன்னும் அதிகம். தளம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் பானையில் புழு நெளிகிறது என்றார். அது கொசுப்புழு. பானை வாயை இடைவெளியில்லாமல் தட்டால் மூடுங்கள். சந்து தெரிந்தால் துணி கட்டி அதன்மேல் தட்டு.